வேதா வீட்டுச் சுவர்

மீட்டர் உயிரோடுதான் இருந்தது. சின்னக் கண்ணாடிக்குள் எண்கள் வருவதும் மறைவதுமாக இருந்தன. ஓரத்தில் சிவப்புப் பொட்டு ஒன்று சிமிட்டிக்கொண்டிருந்தது. கம்பத்திலிருந்து வருகிற கரண்ட் மீட்டர் வரை வந்துவிட்டது என்பதற்கு அதுவே சாட்சி. வீட்டுக்குள் மட்டும் ஒன்றும் ஓடவில்லை. சினேகா ஸ்டூலில் ஏறி நின்று மெயின் சுவிட்சின் மேல்முனையில் டெஸ்டரை வைத்தாள். வெளிச்சம் இல்லை. பீஸ்கட்டையைப் பிடுங்கிப் பார்த்தாள். கம்பி அறுபடவில்லை. மீட்டருக்கும் மெயின் சுவிட்சுக்கும் நடுவே முழங்கை நீளத்துக்கு ஒயர், அதில் ஒரு கீறல்கூட இல்லை.

கோளாறு என்னவென்று அவளுக்குத் தெரியும். புது மீட்டருக்குள் ஒரு சுவிட்ச் இருக்கிறது. வீட்டுக்கு அனுமதித்த அளவைவிட ஜாஸ்தியாகக் கரண்ட் இழுத்தால் அந்தச் சுவிட்ச் தானாகத் திறந்துகொள்ளும். கொஞ்ச நேரம் கழித்துத் தானே மூடிப் பார்க்கும். அப்போதும் பளு குறையாமல் இருந்தால் மறுபடி திறக்கும். சில தடவை இப்படி முயன்று பார்த்துவிட்டு, ஆபீஸிலிருந்து உத்தரவு வரட்டும் என்று அடம்பிடித்த பிள்ளைபோல நின்றுவிடும். முன்பு இரண்டொரு முறை அப்படி ஆகியிருக்கிறது. அப்போதெல்லாம் வேங்கிக்காலில் இருக்கிற மின்வாரிய ஆபீஸுக்குப் போன் போட்டாள். அங்கே யாரோ கம்ப்யூட்டரில் ஒரு பொத்தானை அழுத்தினார்கள். காப்பி போட்டு இறக்குவதற்குள் மீட்டருக்குள் டக்கென்று சத்தம் கேட்டு, கரண்ட் வந்துவிட்டது.

இன்றைக்கு வரவில்லை. அதுதான் அவளுக்குப் புரியவில்லை. மதியத்திலிருந்து மூன்று முறை போன் போட்டுவிட்டாள். "அனுப்பிட்டோம் மேடம், வெயிட் பண்ணுங்க" என்றது ஒரு பெண் குரல். மூன்றாம் முறை அதே குரல் கொஞ்சம் தயங்கி, "உங்க மீட்டர் பதிலே சொல்ல மாட்டேங்குது மேடம்" என்றது.

எதிரே கிரிவலப் பாதையில் சனம் போய்க்கொண்டே இருந்தது. வெறுங்காலோடு நடக்கிற லட்சம் பேரின் சத்தம் காலடிச் சத்தமாகக் கேட்பதில்லை, தூரத்தில் மழை பெய்வதுபோல ஒரே இரைச்சலாகக் கேட்கும். மார்கழி மாதத்துக் காற்று மலையிலிருந்து இறங்கத் தொடங்கியிருந்தது. சினேகா கீழுதட்டைத் தொட்டுப் பார்த்தாள். வீங்கியிருந்தது. உள்ளே ஒரு பல் ஆடியது.

அவளுடைய கவலை முழுக்க வீட்டின் பின் அறையில் இருந்தது. அங்கே பீரோ அளவுக்கு ஒரு முட்டை மெஷின். தட்டுத் தட்டாக அறுநூறு நாட்டுக்கோழி முட்டைகள். இன்று இரவோ மறுநாள் காலையோ அவை பொரிய வேண்டும். மெஷினுக்குள் முப்பத்தேழரை டிகிரி இருந்தால் குஞ்சு சௌக்கியமாக இருக்கும். கொஞ்சம் குறைந்தாலும் தாங்கும், கடைசி நாட்களில் முட்டையே தன் பங்குக்குச் சூடு விடும். ஆனால் அப்போது குஞ்சு ஓட்டுக்குள் மூச்சுவிடத் தொடங்கியிருக்கும். விசிறி நின்றால் உள்ளே இருக்கிற காற்று கெட்டுப்போகும். காற்றுக்காகக் கதவைத் திறந்தால் சூடு போகும், சூட்டுக்காக மூடினால் மூச்சு முட்டும். சினேகா வெந்நீர் பாட்டில்களைத் துணியில் சுற்றித் தட்டுகளுக்கு நடுவே வைத்திருந்தாள். அது எவ்வளவு நேரம் தாங்கும்? பயிற்சிக்குப் போய்க் கற்றுக்கொண்டு, கணவன் வீட்டில் ஒருவர் பாக்கியில்லாமல் சிரித்ததைக் கேட்டுக்கொண்டு, அவள் தன் கையால் தொடங்கிய ஒரே காரியம் அதுதான். வாடகைக்கு ஜெனரேட்டர் கேட்டுப் பார்த்தாள். பௌர்ணமியில் திருவண்ணாமலையில் ஜெனரேட்டர் கேட்பவர்களைப் பார்த்து ஜனங்கள் சிரிப்பார்கள். பந்தலுக்கும் கடைக்கும் எல்லாம் போயிருந்தன. எதிர்சாரிக் கடைகளிலிருந்து ஒயர் இழுக்கலாம் என்றால், நடக்கிற இத்தனை காலுக்கும் குறுக்கே எப்படி இழுப்பது?

பாதைக்கு இந்தப் பக்கம், வேர்க்கடலை விளையும் மல்லாட்டைக் கொல்லையில், இரண்டே வீடுகள். பாதையை ஒட்டி முன்னால் இருப்பது சக்கரபாணியின் வீடு. அதன் பின்னால் சினேகாவின் வீடு. சக்கரபாணி அவள் கணவன் திருமலைக்குப் பெரியப்பா மகன். அந்த இரண்டு வீடுகளுக்கும் நடுவே காலையில் சண்டை மூண்டது.

பாதையோரத்தில் புளியமரத்து நிழலில் ஒரு கடை போடும் இடம் இருக்கிறது. இரண்டு குடும்பத்துக்கும் பொது. ஒரு பௌர்ணமி அவர்களுக்கு, அடுத்த பௌர்ணமி இவர்களுக்கு என்று முறை. இந்த முறை சக்கரபாணியுடையது. ஆனால் இந்த மாதம் பௌர்ணமி ஒரு நாள் சாயங்காலம் தொடங்கி மறுநாள் சாயங்காலம் முடிந்தது. சனம் இரண்டு நாளும் நடந்தது. இரண்டாம் நாள் காலையில் திருமலை மேசையைத் தூக்கிக்கொண்டு போய் நின்றான்.

"நேத்தோட உன் முறை முடிஞ்சிச்சு. இன்னிக்கி நான்."

சக்கரபாணி வடைச்சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான். "பௌர்ணமி ஒண்ணுதான்டா. வானத்துல ரெண்டு நிலாவா கீது?"

"காலண்டர்ல ரெண்டு நாள் போட்டுக்கீது."

"அப்ப போயி காலண்டர்ல கடை போடு."

வடை வாங்க நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் எல்லாவற்றையும் கெடுத்தது. திருமலை மேசையை எட்டி உதைத்தான். எண்ணெய்ச் சட்டி சாய்ந்து ஒரு கிழவரின் பாதத்தில் கொட்டியது. சக்கரபாணி சல்லிக்கரண்டியால் திருமலையின் நெற்றியைப் பிளந்தான். பந்தல்கால் நட வைத்திருந்த கடப்பாரை திருமலை கைக்கு வந்தது. சக்கரபாணி தன் வீட்டைப் பார்த்து ஓடினான். வாசல் சுவரோடு அவனை நெருக்கி, திருமலை ஓங்கிய முதல் அடி, அவன் தலை குனிந்ததால் சுவரில் இருந்த மீட்டரின்மேல் விழுந்தது. நீலமாகப் பொறி பறந்தது. இரண்டாவது அடியும் வேண்டுமென்றே மீட்டருக்குத்தான். "உன் வூட்டுல இனிமே வெளக்கு எரியக் கூடாதுடா" என்று கத்தினான். மூன்றாவது அடி தோளில். காதும் சேர்ந்து கிழிந்தது. எலும்பு முறிகிற சத்தத்தைச் சினேகா முதன்முதலாகக் கேட்டாள். காய்ந்த மொச்சைக்காயை ஒடிப்பதுபோல, அவ்வளவு சின்னதாக இருந்தது.

சக்கரபாணியை அவன் மகன் கூட்டத்துக்குள் தோளில் போட்டுக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போனான். திருமலை வீட்டுக்கு வந்து நெற்றியில் துண்டைக் கட்டினான். வாசலில் சொட்டிய ரத்தத்தைக் கழுவ மோட்டாரைப் போட்டான். அதோடு நிற்காமல், "அவன்தான் ஆஸ்பத்திரிக்குப் பூட்டானே, சாய்ந்தரம் கடை நம்முது" என்று வடைக்கு உளுந்தைப் போட்டுக் கிரைண்டரையும் திருகினான். "மெஷின் ஓடுது, ரெண்டையும் ஒண்ணா போடாதீங்க, மீட்டர் தாங்காது" என்று சினேகா சொன்னாள். அதற்குத்தான் அந்த உதடு. அவள் ரத்தத்தைத் துப்பி நிமிர்ந்தபோது கிரைண்டர் நின்றது, மோட்டார் நின்றது, மெஷினின் விசிறியும் நின்றது. அவள் போய் அந்த இரண்டு சுவிட்சையும் அணைப்பதற்குள் மீட்டர் தன் தடவைகளை முயன்று முடித்துவிட்டிருந்தது.

பிறகு யாரோ வந்து சொன்னார்கள். சக்கரபாணியின் பெண்டாட்டி வேதா, கீழ்பென்னாத்தூரில் இருக்கிற தன் அண்ணன் தம்பிகளுக்குப் போன் போட்டுவிட்டாள். பஸ்ஸை எல்லாம் ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டதால் அவர்கள் கூட்டத்தோடு நடந்து வருகிறார்கள். போலீஸ் முழுக்கப் பாதையில் பந்தோபஸ்துக்கு நிற்கிறது, கூட்டம் கலைந்த பிறகுதான் வரும். திருமலை கொடுவாளை எடுத்துக்கொண்டு முட்டை அறைக்குள் போய்த் தீவன மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டான்.

சாயங்காலம் ஆகும்போது இரண்டு பேர் கொல்லை வரப்பில் வந்தார்கள். முதுகில் பையோடு ஒரு இளம்பெண். பின்னால், தோளில் கயிறும் இடுப்பில் கட்டிங் பிளேயருமாக ஒயர்மேன் கண்ணாயிரம். அவரைச் சினேகாவுக்கு முன்பே தெரியும்.

"பாதி கிரிவலமே வந்துட்டோம்மா" என்றார் கண்ணாயிரம். "மீதிப் புண்ணியத்த நீ காப்பியா குடுத்துடு."

அந்தப் பெண் பெயர் அருணாதேவி. மீட்டர்களின் வலைப்பின்னலைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. வந்ததும் சினேகாவின் உதட்டைப் பார்த்தாள். மீட்டரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு முன்வீட்டுச் சுவரைப் பார்த்தாள். அங்கே மீட்டர் இருந்த இடத்தில் உடைந்த பிளாஸ்டிக்கும் கருகிய இரண்டு ஒயர்களும் தொங்கின.

"அங்க இருந்த மீட்டர் காலைல கடைசியா ஒரு வார்த்தை சொல்லிட்டுதான் செத்துச்சு" என்றாள். "கரண்ட் போனதும் உள்ள மிச்சம் இருக்கிற துளி சக்தியில 'போறேன்'னு ஒரு சேதி அனுப்பிடும். அதுக்குன்னே ஒரு சின்ன கெப்பாசிட்டர் வெச்சிருக்கு. அது வந்த நிமிஷத்துலேர்ந்து உங்க மீட்டரும் சத்தமே இல்ல. ரெண்டையும் சேத்துப் பாத்ததும் கெளம்பி வந்துட்டேன்."

"அவங்க மீட்டர் ஒடைஞ்சா எங்களுக்கு ஏன் வரல?" என்றாள் சினேகா. "எங்க ஒயர் தனி. கம்பத்துலேர்ந்து நேரா வருது."

இப்படி ஒரு கேள்விக்காகவே அருணாதேவி பிறந்ததுபோல இருந்தது. களைப்பெல்லாம் முகத்திலிருந்து போய்விட்டது.

"கரண்ட் ஒயர்ல வருது. சேதி காத்துல வருது. இதுக்குள்ள ஒரு குட்டி ரேடியோ இருக்கு. அதோட குரல் ரொம்ப கம்மி, ஆபீஸ் வரைக்கும் எல்லாம் எட்டாது. பக்கத்து வீட்டு மீட்டருக்குத்தான் கேக்கும். நீங்க வீட்டுக்குத் தளம் போடுறத பாத்திருப்பீங்களே? கலவை போட்ட எடத்துலேர்ந்து மாடி வரைக்கும் பொம்பளைங்க வரிசையா நின்னு சட்டிய கை மாத்துவாங்க. யாரும் மாடி வரைக்கும் நடக்கறதில்ல, பக்கத்துல இருக்கறவ கைக்குக் குடுத்தா போதும். அதேதான். உங்க மீட்டர் முன்வீட்டு மீட்டருக்குச் சொல்லும். அது பாதைக்கு எதிர்ல இருக்கிற செருப்புக் கடை மீட்டருக்குச் சொல்லும். அது கம்பத்துல இருக்கிற பெட்டிக்கு. அந்தப் பெட்டிக்குத்தான் போன் மாதிரி சிம் இருக்கு, அது ஆபீஸுக்குச் சொல்லும். ஆபீஸ் அனுப்புற உத்தரவும் அதே வழியில திரும்பி வரணும்."

"நடுவுல ஒருத்தி இல்லன்னா?"

"வேற ஒருத்தி கை நீட்டுவா. சாதாரணமா அப்படித்தான் நடக்கும். ஒரு வழி போனா இன்னொரு வழிய மீட்டர் தானே தேடிக்கும். ஆனா உங்களுக்கு இந்தப் பக்கம் கொல்லை, அந்தப் பக்கம் மலை. ரோட்டுப் பக்கம் உங்க மாட்டுக் கொட்டாய், முழுக்கத் தகரம். தகரத்த இது தாண்டாது. அதப் பிரிச்சாலும் ரோடு எட்டற தூரத்துல இல்ல. உங்களுக்குன்னு இருந்த ஒரே கை அந்தச் சுவத்துல இருந்த மீட்டர்தான்."

சினேகா உடைந்த பிளாஸ்டிக்கைப் பார்த்தபடி நின்றாள். காலையில் விழுந்த இரண்டாவது அடி, வேண்டுமென்றே விழுந்த அந்த அடி, எங்கே வந்து விழுந்திருக்கிறது என்று இப்போது தெரிந்தது.

"நேரா மீட்டர்ல வெச்சே சுவிட்ச மூடுற கருவி ஒண்ணு இருக்கு" என்றாள் அருணாதேவி. "உங்க மீட்டர் கெடல, அத சீல் ஒடைச்சு மாத்த எனக்கு உரிமை இல்ல. அந்தக் கருவியும் கீழ்பென்னாத்தூர்ல இன்னொரு டீம்கிட்ட மாட்டிக்கிச்சு. நாளைக்குத்தான் வரும்."

"நாளைக்கு வந்தா முட்டைய எல்லாம் கூடைல வாரிக் கொட்டத்தான் ஆவும்" என்றாள் சினேகா.

"அதான் இத எடுத்துக்கிட்டு வந்தேன்." அருணாதேவி பையைத் திறந்து புது மீட்டர் ஒன்றைக் காட்டினாள். "முன்வீட்டுல இத மாட்டிட்டா அவங்களுக்கும் கரண்ட், உங்களுக்கும் வழி."

வேதா தன் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். காலடியில் கணவனுடைய ரத்தம் காய்ந்த துண்டு ஒரு பலகைபோல விறைத்துக் கிடந்தது. மடியில் உலக்கை. அருணாதேவி மீட்டரைக் காட்டியதும் "மாட்டு தாயி" என்று நகர்ந்து வழிவிட்டாள். கண்ணாயிரம் பீஸைப் பிடுங்கிவிட்டுக் கருகிய ஒயரை வெட்டத் தொடங்கினார். அத்தோடு விட்டிருந்தால் காரியம் முடிந்திருக்கும்.

"இதுல ஒரு நல்லது என்னன்னா அக்கா, இது வந்துட்டா பின்வீட்டுக்கும் உடனே வந்துடும்" என்றாள் அருணாதேவி. ஒன்றைச் சொல்லித் தந்தால் முழுசாகச் சொல்லித் தந்துதான் அவளுக்குப் பழக்கம். தளம் போடுவது, சட்டி கை மாறுவது, ஒன்றையும் விடவில்லை.

வேதா கடைசி வரை கேட்டாள். பிறகு எழுந்து போய், மீட்டர் இருந்த இடத்தில் முதுகைச் சாய்த்து நின்றாள்.

"இத்தினி நாளா அவங்க வூட்டுச் சேதி எங்க சுவத்து வழியாவா போயிக்கினு இருந்துச்சு?"

"மூடி போட்ட சட்டி மாதிரிக்கா. உங்க மீட்டரால அதத் தொறந்து பாக்க முடியாது. கை மாத்தும், அவ்ளோதான்."

"கை மாத்த வேணாம்."

"அக்கா, உங்க வீடும்தான் இருட்டா கிடக்கு..."

"கிடக்கட்டும். ஒரு வருசம் கிடக்கட்டும். என் புருசன் தோள ஒடைச்சவன் வூட்டுக்கு என் சுவத்து வழியா வெளிச்சம் போவணுமா? எவனும் கிட்ட வராதே. வந்தா இந்த ஒலக்கைதான்."

கண்ணாயிரம் கட்டிங் பிளேயரை இடுப்பில் செருகினார். "ஏம்மா, இன்னா படிச்சிருந்தா இன்னா" என்றார் தாழ்ந்த குரலில். "மாட்டிட்டு அப்புறம் வாயத் தொறக்கக் கூடாதா?"

"இதக் கம்பத்துல கட்டலாமா அண்ணே?" அருணாதேவிக்குக் குரல் இறங்கிவிட்டது.

"லைன நிறுத்தணும். பௌர்ணமி அன்னிக்கிக் கிரிவலப் பாதைய இருட்டாக்க எவன் உத்தரவு குடுப்பான்?"

வேதா சினேகாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவன் எங்கடி?"

"தெரியாதுக்கா."

"கொல்லைல ஓடல. கொல்லை பூரா எனக்கு இங்கேர்ந்து தெரியுது. உள்ளதான் கீறான்." வேதாவின் பார்வை அவள் உதட்டில் நின்றது. "இது யாரு போட்டது? எங்கூட்டு ஆளா?"

சினேகா முந்தானையால் உதட்டை மூடிக்கொண்டாள்.

"அவன வெளிய அனுப்பு. மாட்டச் சொல்றேன். உன் முட்டைமேல எனக்கு இன்னா கோவம்?"

சினேகா திரும்பி நடந்தாள். முட்டை அறைக் கதவைச் சூடு போகாதபடி ஒரு ஆள் நுழையும் அளவுக்கு மட்டும் திறந்து உள்ளே போய் மூடினாள். இருட்டில் செல்போன் வெளிச்சத்தால் வெப்பமானியைப் பார்த்தாள். முப்பத்துமூன்றுக்கும் கீழே இறங்கியிருந்தது. வெந்நீர் பாட்டில்கள் உடம்புச் சூட்டுக்கு ஆறியிருந்தன. ஒரு முட்டையை எடுத்துக் காதோடு வைத்தாள். உள்ளே கீச் கீச்சென்று சத்தம். மூக்கு ஓட்டில் உரசுகிற சத்தம்கூடக் கேட்டது. மதியம் கேட்டதைவிட மெதுவாக.

"யாருடி வந்துக்கீறது?" மூட்டைகளின் பின்னாலிருந்து திருமலை கேட்டான். வியர்வையும் ரத்தமும் தீவனமும் கலந்த வாடை அடித்தது.

அவள் சொன்னாள். வழியையும் சொன்னாள், வேதா சொன்னதையும் சொன்னாள். நீங்களாகப் போய்ப் போலீஸ்காரரிடம் நின்றுவிட்டால் வேதாவின் அண்ணன் தம்பிகள் கையில் சிக்க வேண்டாம் என்றும் சொன்னாள்.

"கரண்ட்டே வேணாம்" என்றான் அவன். "வெளக்கு எரிஞ்சா உள்ள ஆள் கீறது தெரியும். விடியிற வரைக்கும் இப்பிடியே கெடக்கட்டும்."

"விடியிற வரைக்கும் தாங்காதுங்க. எல்லாம் ஓட்டுக்குள்ளயே செத்துடும்."

இருட்டில் அவன் கை வந்து அவள் முடியைப் பிடித்தது. தலையை மெஷினின் கதவோடு ஒரு முறை மோதினான், பிறகு இன்னொரு முறை. "புருசன் உசுரு பெருசா, முட்டை பெருசா உனக்கு?" என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு. அவள் கையில் இருந்த முட்டையைப் பிடுங்கி, சத்தம் வராதபடி உள்ளங்கையிலேயே நசுக்கி, அவள் பாதத்தில் போட்டான். செல்போன் வெளிச்சம் கீழே விழுந்திருந்தது. ஈரமான மஞ்சள் தூவல், மூடிய கண், ஓட்டைத் திறக்கவென்றே மூக்கின் நுனியில் முளைத்திருக்கிற வெள்ளைப் பல். ஒரு கால் இரண்டு தடவை உதைத்துவிட்டு நின்றது. "எல்லாத்தையும் இப்பிடிப் பண்ணிட்டா உனக்கும் கவலை இல்ல, எனக்கும் கவலை இல்ல" என்று அவன் கொடுவாளின் முனையை மெஷினின் கண்ணாடியில் வைத்தான்.

சினேகா கண்ணாடியைப் பார்த்தாள். "சரிங்க" என்றாள். "கரண்ட்டு வேணாம்னு சொல்லிட்டு வரேன்."

அவன் முடியை விட்டான். அவள் வெளியே வந்தாள். கதவை மூடவில்லை. சூடு போகும் என்று தெரியும், இருந்தும் மூடவில்லை.

பாதையிலிருந்து மூன்று ஆண்கள் கொல்லைக்குள் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். கிரிவலம் வந்தவர்கள்போலவே வேட்டியை மடித்துக் கட்டி, வெறுங்காலோடு. ஒருவன் கையில் பந்தல் மூங்கில், ஒருவன் கையில் கத்தி. சினேகா ஓடிப்போய் வேதாவின் முன்னால் நின்றாள்.

"அக்கா, மாட்டச் சொல்லு. அவரு முட்டை ரூம்ல கீறாரு. கையில கொடுவா வெச்சிருக்காரு. போலீஸ் வந்து புடிக்கட்டும். உன் கூடப் பொறந்தவங்க வேணாம்."

வேதா அவள் நெற்றியில் புதிதாக வழிந்த ரத்தத்தைப் பார்த்தாள். சுவரை விட்டு விலகினாள். "மாட்டுப்பா" என்றாள் கண்ணாயிரத்திடம். பிறகு சினேகாவிடம், "அவங்க கை என் கையில இல்லடி" என்றாள். ஆண்கள் மூவரும் சினேகாவின் முகத்தையும் திறந்திருந்த கதவையும் பார்த்துவிட்டுப் பின்வீட்டை நோக்கி ஓடினார்கள்.

முதலில் தீவன மூட்டை சரிகிற சத்தம். பிறகு திருமலையின் குரல், வார்த்தை இல்லாமல். மூங்கில் சதையில் விழுகிற சத்தம் வேறு, எலும்பில் விழுகிற சத்தம் வேறு என்பது வாசலில் நின்றவர்களுக்கெல்லாம் தெரிந்தது. கண்ணாயிரத்தின் திருப்புளி இரண்டு முறை நழுவியது. அருணாதேவி, "அண்ணே, நிறுத்திடலாம், முதல்ல அங்க..." என்றாள்.

"நீ மாட்டும்மா" என்றாள் சினேகா. "அண்ணே, கடைசி ஆணிய முடுக்கிட்டு ரோட்டுக்கு ஓடுங்க. போலீஸ்காரங்கள இழுத்துக்கினு வாங்க."

கண்ணாயிரம் முடுக்கினார், பீஸை மாட்டினார், கயிறைக் கீழே போட்டுவிட்டுக் கூட்டத்தைப் பார்த்துக் கத்திக்கொண்டே ஓடினார். வேதா வீட்டுக்குள் விளக்கு எரிந்தது. புது மீட்டரின் கண்ணாடியில் எண்கள் வந்தன. பின்வீட்டில் அப்படியே இருட்டு.

"ஏன் இன்னும் வரல?" சினேகா அருணாதேவியின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

அருணாதேவிக்குத் தெரிந்த ஒன்றைத்தான் அவளால் செய்ய முடிந்தது. "இது புதுசு. இதுக்கு இன்னும் யாரையும் தெரியாது. இப்ப 'யாரு இருக்கீங்க'ன்னு கூப்பிடும். செருப்புக் கடை மீட்டர் பதில் சொல்லும். நீ யாருன்னு கேக்கும், உள்ள போட்டிருக்கிற ரகசியச் சாவி சரியா இருக்கான்னு பாக்கும். அப்புறம்தான் வரிசைல சேத்துக்கும். அதுக்கப்புறம் உங்க மீட்டர். அது காலைலேர்ந்து விடாம கூப்டுக்கிட்டேதான் இருந்திருக்கும். இப்ப இது காதுல விழணும்..."

பின்வீட்டில் கண்ணாடி உடைந்தது. ஒரு கண்ணாடிதான். ஜன்னலா மெஷினா என்று இங்கிருந்து தெரியவில்லை. "அண்ணா, போதும்னா" என்று யாரோ ஒருவன் சொன்னான். இன்னொருவன், "காத அறுடா, மாமன் காது எப்பிடிக் கிழிஞ்சிச்சோ அப்பிடியே அறு" என்றான். பாதையில் விசில் ஊதுகிற சத்தம் கேட்டது, கூட்டத்தின் அந்தப் பக்கத்திலிருந்து. மலைக்கு இந்தப் புறம் நிலா எழும்பிவிட்டிருந்தது. சினேகா தன் வீட்டை நோக்கி ஓடினாள். பின்னாலேயே அருணாதேவியும் ஓடினாள், போனைப் பார்த்துக்கொண்டு, "சேந்துடுச்சு, சேந்துடுச்சு, இப்ப உத்தரவு போவுது" என்று சொல்லிக்கொண்டு.

அவர்கள் வாசலை அடைந்தபோது மீட்டருக்குள் டக்கென்று ஒரு சத்தம் கேட்டது.

முட்டை அறையில் விளக்கு எரிந்தது. திறந்து கிடந்த கதவுக்குள் எல்லாம் ஒரேயடியாகத் தெரிந்தது. உடைந்து கிடந்தது ஜன்னல் கண்ணாடி. தரையெல்லாம் தீவனம், அதில் இழுபட்ட ரத்தம். மெஷினின் கதவில் முதுகைச் சாய்த்து, ஒரு கை கோணலாகத் தொங்க, திருமலை உட்கார்ந்திருந்தான். ஒருவன் அவன் தலைமுடியைப் பிடித்திருந்தான். இன்னொருவன் கத்தியை அவன் காதில் வைத்திருந்தான். மூன்றாமவன் திருமலையின் கொடுவாளை மிதித்தபடி மூங்கிலோடு நின்றான். நால்வரும் வெளிச்சம் கூசி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, வாசலில் நின்ற சினேகாவைப் பார்த்தார்கள். வெளியே விசில் சத்தம் வரப்பு வரை வந்துவிட்டிருந்தது. திருமலையின் தலைக்கு மேலே மெஷினின் விசிறி மெதுவாக ஒரு சுற்று சுற்றியது, தயங்கியது, பிறகு வேகம் பிடித்தது. வெப்பமானியின் எண் நின்ற இடத்திலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு ஒரு புள்ளி ஏறியது.

செருப்புக் கடையிலிருந்து வேதா வீட்டுச் சுவருக்கு, வேதா வீட்டுச் சுவரிலிருந்து சினேகா வீட்டுக்கு. அந்தச் சுவரில் ஒரு மீட்டர் இருந்தால் உத்தரவு வந்து சேரும், சுவிட்ச் மூடிக்கொள்ளும், கரண்ட் வரும்.